வடவழி இணையமும் வீட்டு மோடமும்

நுழையும்முன்

வாங்கும் பொருளின் இயல்பை அறிந்து வாங்குவது நுகர்வோரின் முதற்கடமையாகும். பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட பெரிய எண்களை மட்டும் நம்பி வாங்கும் கருவி, தேவைக்குப் போதாததாகவோ தேவையைக் காட்டிலும் விலைமிக்கதாகவோ அமைந்துவிடலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொலைக்காட்சி வடத்தின் வழியே இணையம் பெறும் குடும்பங்கள், மோடத்தைத் தெரிவு செய்யும்போது எதிர்கொள்ளும் வினாக்களை இப்பாடம் விளக்குகிறது. கையளவுக் கருவி ஒன்றில் அறிவியலும் கணக்கும் சட்டமும் சந்திப்பதை இதில் காணலாம்.

தொலைக்காட்சிக்கு இட்ட வடம்

1948ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஆரிகன் முதலிய மாநிலங்களில் ஒளிபரப்பு நிலையங்களுக்குத் தொலைவில் இருந்த சிற்றூர்களில் ஒரு புதுமுயற்சி தோன்றியது. மலைகள் குறுக்கிட்டதால் அவ்வூர்களின் வீடுகளில் தொலைக்காட்சி அலைகள் தெளிவாகக் கிடைக்கவில்லை. எனவே, உயரமான இடத்தில் ஒரு பொது அலைவாங்கியை நிறுவி, அது பெற்ற அலைகளை வடத்தின் வழியே வீடுதோறும் கொண்டுசென்றனர். அமெரிக்காவில் வடத் தொலைக்காட்சி இவ்வாறே பிறந்தது. பின்வந்த பல பத்தாண்டுகளில் இவ்வடம் நகரங்களிலும் பரவிக் கோடிக்கணக்கான இல்லங்களை அடைந்தது.

1990களில் இணையம் பொதுமக்களிடையே பரவியபோது, பெரும்பாலோர் தொலைபேசிக் கம்பியின் வழியே அதைப் பெற்றனர். அதன் வேகம் உச்சநிலையிலும் வினாடிக்கு 56 கிலோபிட் அளவைத் தாண்டவில்லை. வீட்டுக்குள் ஏற்கெனவே வந்திருந்த தொலைக்காட்சி வடமோ மிகப் பரந்த அதிர்வெண் பட்டையைத் தாங்கவல்லது. அப்பட்டையில் சில தடங்களைத் தரவுக்கென ஒதுக்கினால் புதிய கம்பி இழுக்காமலேயே விரைவான இணையத்தை வழங்கலாம் என்பதை வட நிறுவனங்கள் உணர்ந்தன. அந்த எண்ணம் செயல்வடிவம் பெறுவதற்குத் தேவைப்பட்ட கருவியே வட மோடம்.

இன்று இணையம் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. பள்ளிப் பாடம், மருத்துவ ஆலோசனை, வேலைக்கான விண்ணப்பம், அரசின் உதவித்தொகை ஆகிய அனைத்தும் அதன் வழியே நடைபெறுகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2015ஆம் ஆண்டில், வினாடிக்கு 25 மெகாபிட் பதிவிறக்கமும் 3 மெகாபிட் பதிவேற்றமும் கொண்ட இணைப்பை அகலப்பட்டை என வரையறுத்தது. 2024ஆம் ஆண்டில் அவ்வளவை முறையே 100 மெகாபிட், 20 மெகாபிட் என உயர்த்தியது. தேவை உயர்ந்த அதே ஆண்டில் உதவி குறைந்தது. ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர்வரை குறைத்துவந்த அரசுத் திட்டம், நிதி தீர்ந்துபோனதால் 2024 ஜூன் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. அத்திட்டத்தின் பயனைப் பெற்றுவந்த குடும்பங்கள் 2 கோடிக்கும் மேற்பட்டவை. இத்தகைய குடும்பங்களுக்கு, மாதச் சீட்டில் மோட வாடகை எனச் சேர்க்கப்படும் 10 அல்லது 15 டாலர் புறக்கணிக்கத்தக்க தொகையன்று.

மோடத்தின் பணி

கணினி அறிந்தவை சுழியும் ஒன்றும் மட்டுமே. வடத்தில் செல்பவையோ உயர் அதிர்வெண் கொண்ட மின்னலைகள். சுழி, ஒன்று ஆகியவற்றின் வரிசைக்கு ஏற்ப அலையின் வீச்சையும் கட்டத்தையும் மாற்றுவது பண்பேற்றம் எனப்படும். வந்தடைந்த அலையிலிருந்து அவ்வரிசையை மீட்டெடுப்பது பண்பிறக்கம் எனப்படும். இவ்விரு பணிகளையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதற்பகுதிகள் இணைந்தே மோடம் என்னும் பெயர் உருவாயிற்று.

வீட்டுக்குள் நுழையும் வடத்தின் நடுவில் ஒரு செம்புக்கடத்தியும் அதைச் சுற்றி மின்காப்புப் பொருளும் அதற்கு மேல் உலோக வலையும் அமைந்திருக்கும். உள்கடத்தியும் வெளிக்கடத்தியும் ஒரே அச்சைக் கொண்டிருப்பதால் இதனை ஓரச்சு வடம் என்பர். ஆனால், இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வீடுவரை முழுத் தொலைவும் இவ்வடமே செல்வதில்லை. நிலையத்திலிருந்து குடியிருப்புப் பகுதியில் உள்ள ஒரு கணுவரை ஒளியிழை செல்கிறது. அக்கணுவிலிருந்து சில நூறு வீடுகளுக்கு ஓரச்சு வடம் பிரிந்து செல்கிறது. ஒரே கணுவைச் சார்ந்த வீடுகள் அனைத்தும் அதன் கொள்திறனைப் பகிர்ந்துகொள்கின்றன. மாலை நேரத்தில் அனைவரும் ஒரேவேளையில் காணொலி பார்க்கும்போது வேகம் குறைவதற்கு இப்பகிர்வே காரணம்.

தலைமுறைகளும் தரநிலைகளும்

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி முறையைக் கையாண்டதால், ஓர் ஊரில் வாங்கிய மோடம் மற்றோர் ஊரில் பயன்படவில்லை. இக்குறையைப் போக்க, வட நிறுவனங்கள் கூடி 1988ஆம் ஆண்டில் அமைத்த கேபிள்லேப்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம் பொதுத் தரநிலை ஒன்றை உருவாக்கியது. அதன் பெயர் டாக்சிஸ். வடத்தின் வழியே தரவைக் கொண்டுசெல்வதற்கான இடைமுக வரையறை என்பது அதன் பொருள். முதற்பதிப்பு 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2001இல் டாக்சிஸ் 2.0, 2006இல் டாக்சிஸ் 3.0, 2013இல் டாக்சிஸ் 3.1 எனப் பின்னைய பதிப்புகள் தொடர்ந்தன. அதன்பின் டாக்சிஸ் 4.0 வரையறுக்கப்பட்டது.

ஒரு தரநிலை பொதுவாகிவிட்டால் பல உற்பத்தியாளர்கள் போட்டியிட்டுக் கருவியைச் செய்ய முடியும். மோடத்தை இணைய நிறுவனத்திடமிருந்து மட்டுமன்றிக் கடையிலும் வாங்க முடிவதற்கு டாக்சிஸ் வழிவகுத்தது.

இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை 3.0, 3.1 ஆகிய இரு தலைமுறைகளைச் சேர்ந்தவை. 2.0 தலைமுறைக் கருவிகள் பழம்பொருள் விற்பனையில் மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை வாங்குதல் கூடாது. அவை ஒரு நேரத்தில் ஒரு தடத்தை மட்டுமே பயன்படுத்துவதால் வேகம் 38 மெகாபிட் அளவிலேயே நின்றுவிடும். பல நிறுவனங்கள் அவற்றைத் தம் பிணையத்தில் ஏற்பதும் இல்லை.

தடங்களின் கணக்கு

அமெரிக்கத் தொலைக்காட்சித் தடம் ஒன்றின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். டாக்சிஸ் 3.0 மோடம் பதிவிறக்கத்துக்கு இதே அகலமுள்ள தடங்களைப் பயன்படுத்துகிறது. ஒரு தடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 53 இலட்சத்து 60 ஆயிரம் குறியீடுகள் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு குறியீடும் 256 நிலைகளுள் ஒன்றாக இருக்கும். 256 என்பது 2இன் எட்டாம் அடுக்கு. ஆதலால், ஒரு குறியீடு 8 பிட்டுகளைச் சுமக்கிறது. இவ்விரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 43 மெகாபிட் கிடைக்கும். பிழை திருத்தத்துக்கும் பிற கட்டுப்பாடுகளுக்கும் உரிய பங்கு போக, பயனருக்கு எஞ்சுவது ஏறத்தாழ 38 மெகாபிட்.

ஒரு தடம் போதாத நிலையில் பல தடங்களை ஒன்றாகப் பிணைத்துப் பயன்படுத்துவதே டாக்சிஸ் 3.0 கொண்டுவந்த பெருமாற்றம். இதனைத் தடப்பிணைப்பு என்பர். மோடப் பெட்டியில் 8க்கு 4, 16க்கு 4, 24க்கு 8, 32க்கு 8 என அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் பதிவிறக்கத் தடங்களையும் இரண்டாம் எண் பதிவேற்றத் தடங்களையும் குறிக்கின்றன. அவற்றின் உச்சப் பதிவிறக்க அளவைப் பின்வருமாறு கணக்கிடலாம்.

8 தடங்கள் - ஏறத்தாழ 304 மெகாபிட்
16 தடங்கள் - ஏறத்தாழ 608 மெகாபிட்
24 தடங்கள் - ஏறத்தாழ 912 மெகாபிட்
32 தடங்கள் - ஏறத்தாழ 1216 மெகாபிட்

பெட்டியில் இதைவிடப் பெரிய எண் காணப்படும். 16 தட மோடத்தின் பெட்டியில் 686 மெகாபிட் என்று இருப்பது, பிழை திருத்தத்துக்கான பங்கைக் கழிக்காத மொத்த அளவாகும். கழித்தபின் உள்ள அளவும் அப்படியே ஒரு வீட்டுக்குக் கிடைத்துவிடாது. அத்தடங்களை அண்டை வீடுகளும் பயன்படுத்துகின்றன. ஆகவே, மோடத்தின் உச்ச அளவில் ஏறத்தாழப் பாதியே அதற்குப் பொருத்தமான சந்தா வேகம் எனக் கொள்வது பாதுகாப்பான நடைமுறை விதியாகும். இதன்படி 16 தட மோடம் 300 மெகாபிட் திட்டத்துக்கும் 24 தட மோடம் 450 மெகாபிட் அளவிலான திட்டத்துக்கும் ஏற்றவை.

தடங்கள் மிகுந்திருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. எட்டுத் தடங்கள் மட்டும் உள்ள மோடம், அவை நெரிசலுற்றால் வேறு வழியின்றிக் காத்திருக்கும். 24 தடங்கள் உள்ள மோடத்துக்கு நெரிசல் குறைந்த தடங்களின் வழியே தரவைப் பெறும் வாய்ப்பு மிகுதி. எனவே, குறைந்த வேகத் திட்டம் கொண்டோரும் மாலை நேர நெரிசலில் இதன் பயனை உணர்வர்.

டாக்சிஸ் 3.1 இக்கணக்கையே மாற்றியது. 6 மெகாஹெர்ட்ஸ் தடங்களுக்குப் பதிலாக 192 மெகாஹெர்ட்ஸ்வரை அகலமுள்ள தடத்தை அது பயன்படுத்துகிறது. அந்த அகன்ற தடம் 25 அல்லது 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள ஆயிரக்கணக்கான துணையலைகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் 4096 நிலைகள்வரை பண்பேற்றம் செய்யலாம். 4096 என்பது 2இன் பன்னிரண்டாம் அடுக்கு. முன்பு 8 பிட்டுகளைச் சுமந்த குறியீடு இப்போது 12 பிட்டுகளைச் சுமக்கிறது. 3.1 மோடங்கள் பழைய வகைத் தடங்களையும் ஏற்கும். பொதுவாக 32 பழைய தடங்களும் இரண்டு அகன்ற தடங்களும் அவற்றில் இருக்கும். வினாடிக்கு 500 மெகாபிட்டுக்கு மேற்பட்ட திட்டம் பெறுவோர் 3.1 வகையையே தெரிவு செய்தல் நன்று.

தெரியுமா?

இணைய வேகம் பிட் கணக்கிலும் கோப்பின் அளவு பைட் கணக்கிலும் கூறப்படுகின்றன. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே, வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில், வினாடிக்கு 12.5 மெகாபைட் கோப்பே இறங்கும். 100 மெகாபைட் கோப்பு ஒரு வினாடியில் இறங்கவில்லை என்று வருந்துவோர் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

தேவையை அளந்தறிதல்

மோடத்தைத் தெரிவு செய்யும் முன் எவ்வளவு வேகம் தேவை என்பதைக் கணக்கிட வேண்டும். உயர்தெளிவுக் காணொலி ஒன்றுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். அதனினும் நுண்மையான 4கே காணொலிக்கு 15 முதல் 25 மெகாபிட் தேவை. காணொலி உரையாடல் ஒன்றுக்குச் சில மெகாபிட்டுகள் போதுமானவை. நால்வர் உள்ள வீட்டில் இருவர் 4கே காணொலி பார்த்து, ஒருவர் இணையவழி வகுப்பில் இருந்து, மற்றொருவர் மின்னஞ்சல் அனுப்பினாலும் மொத்தத் தேவை 100 மெகாபிட்டைத் தாண்டுவது அரிது. அத்தகைய குடும்பம் ஆயிரம் மெகாபிட் திட்டத்துக்கும் அதற்கேற்ற உயர்விலை மோடத்துக்கும் செலவிடுவது, ஓர் ஆழாக்கு அரிசி வடிப்பதற்கு அண்டா வாங்குவதைப் போன்றது.

பதிவேற்ற வேகத்தையும் கருத வேண்டும். வடத் தொலைக்காட்சி ஒருவழிப் பயணத்துக்கென அமைக்கப்பட்டது. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் படம் வந்தால் போதும் என்ற நிலையில், வீட்டிலிருந்து திரும்பிச் செல்வதற்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ்வரை உள்ள குறுகிய பட்டையே ஒதுக்கப்பட்டிருந்தது. வட இணையத்தில் பதிவேற்றம் மெதுவாக இருப்பதற்கு இவ்வரலாறே காரணம். இப்போது பல நிறுவனங்கள் அப்பட்டையை 85 மெகாஹெர்ட்ஸ்வரையும் அதற்கு மேலும் விரிவாக்கி வருகின்றன. விரிந்த பட்டையைப் பயன்படுத்தும் திறன் எல்லா மோடங்களுக்கும் இல்லை. காணொலிகளைப் பதிவேற்றுவோரும் வீட்டிலிருந்து பணிபுரிவோரும் இத்திறனை வினவி அறிந்தபின் வாங்குதல் வேண்டும்.

வாடகையும் விலையும்

இணைய நிறுவனம் தரும் மோடத்துக்கு மாத வாடகை 15 டாலர் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 180 டாலர். ஐந்தாண்டுகளில் 900 டாலர். அத்தொகை செலுத்திய பின்னும் கருவி நிறுவனத்துக்கே உரியது. இணைப்பைத் துண்டிக்கும்போது அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இதே குடும்பம் 24 தட மோடத்தை 90 டாலருக்கு வாங்கினால், ஆறு மாத வாடகைத் தொகையில் அது ஈடாகிவிடும். டாக்சிஸ் 3.1 மோடத்தை 170 டாலருக்கு வாங்கினால் பன்னிரண்டாம் மாதத்துக்குள் ஈடாகிவிடும். அதன்பின் கருவி உழைக்கும் ஒவ்வொரு மாதமும் மிச்சமே. மோடத்தில் சுழலும் உறுப்புகள் இல்லாமையாலும் வெப்பமுறாத இடத்தில் வைத்தால் தேய்மானம் குறைவாக இருப்பதாலும் அது சில ஆண்டுகள் நிலைத்து உழைக்கும்.

வாடகைக் கருவியில் ஒரு நன்மை உண்டு. அது பழுதானால் நிறுவனமே மாற்றித் தரும். சொந்தக் கருவி, உத்தரவாதக் காலத்துக்குப்பின் பழுதானால் இழப்பு உரிமையாளரைச் சேரும். கருவி ஈராண்டுகளில் பழுதாகி மீண்டும் 90 டாலருக்கு வாங்க நேர்ந்தாலும், அந்த ஈராண்டு வாடகையான 360 டாலரைவிட இரு மோடங்களின் விலையான 180 டாலர் குறைவே என்பதையும் இங்குக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

உரிமை பிறந்த கதை

வாடிக்கையாளர் தம் கருவியை நிறுவனத்தின் கம்பியில் இணைக்கலாம் என்னும் உரிமை எளிதில் கிடைத்ததன்று. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம், தான் தராத எக்கருவியையும் தன் பிணையத்தில் இணைக்கலாகாது என நெடுங்காலம் தடைவிதித்திருந்தது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், இருவழி வானொலியில் பேசுவோரைத் தொலைபேசியில் பேசுவோருடன் இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்னும் கருவியை உருவாக்கி விற்றார். தொலைபேசி நிறுவனம் அதைத் தடுத்தது. 1968ஆம் ஆண்டில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கார்ட்டருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிணையத்துக்குத் தீங்கு செய்யாத கருவியை இணைப்பதற்குத் தடைவிதிப்பது முறையற்றது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தொலைபேசி மோடம், பதிலளிப்புக் கருவி, தொலைநகல் கருவி ஆகியவை பல நிறுவனங்களால் செய்யப்பட்டு விலை குறைந்து பரவுவதற்கு அது வாயில் திறந்தது.

வாடகையைப் பொறுத்தும் அண்மையில் ஒரு பாதுகாப்பு உருவாயிற்று. சொந்தக் கருவியைப் பயன்படுத்துவோரிடமும் சில நிறுவனங்கள் வாடகை பெற்றுவந்தன. 2019 டிசம்பரில் இயற்றப்பட்டு 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், நிறுவனம் வழங்காத கருவிக்குக் கட்டணம் பெறுவதைத் தடை செய்தது. மேலும், உணவுப் பொட்டலங்களில் உள்ள சத்துப் பட்டியலைப் போன்று, இணையத் திட்டத்தின் விலை, வேகம், தனிக் கட்டணங்கள் ஆகியவற்றைக் காட்டும் பட்டியலை வெளியிட வேண்டும் என்னும் விதி 2024ஆம் ஆண்டு முதல் செயற்படுகிறது. அப்பட்டியலையும் மாதச் சீட்டையும் ஒப்பிட்டுப் படிப்பவர், தாம் எதற்குப் பணம் செலுத்துகிறோம் என்பதைத் தெளிவாக அறிவார்.

தனி மோடமும் இணைந்த கருவியும்

மோடம் வடத்தையும் வீட்டையும் இணைக்கிறது. அவ்விணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிப்பது திசைவி. கம்பியின்றி வைஃபை அலைகளைப் பரப்புவதும் திசைவியின் பணியே. இரண்டும் ஒரே பெட்டிக்குள் அமைந்த கருவிகளும் விற்கப்படுகின்றன. அவை இடத்தையும் மின்செருகியையும் மிச்சப்படுத்துகின்றன.

எனினும், தனி மோடம் வாங்குவதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. வைஃபை தரநிலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. இரண்டும் தனித்தனியே இருந்தால் திசைவியை மட்டும் மாற்றினால் போதும். ஒன்று பழுதானால் மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை. வடம் நுழையும் மூலையில் மோடத்தை வைத்து, வீட்டின் நடுவில் திசைவியை வைத்தால் அலை எல்லா அறைகளுக்கும் சென்றடையும். தனி மோடம் வாங்குவோர் திசைவியின் விலையையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனி மோடத்தில் வைஃபை இராது. திசைவி இல்லாமல் பொதுவாக ஒரு கணினியை மட்டுமே அதில் இணைக்க இயலும். திசைவி, வெளியிலிருந்து வரும் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவலும் ஆகும். அதன் முதற்கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுதல் இன்றியமையாதது.

பெட்டி சொல்லாதவை

மோடம் வாங்குவோர் நான்கு செய்திகளைத் தாமே விசாரித்து அறிய வேண்டும்.

முதலாவது, நிறுவனத்தின் ஒப்புதல். ஒவ்வொரு வட நிறுவனமும் தன் பிணையத்தில் இயங்கும் மோடங்களின் பட்டியலை வெளியிடுகிறது. எந்த வேகத் திட்டத்துக்கு எந்த மோடம் ஏற்றது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத மோடம் எவ்வளவு சிறந்ததாயினும் பயன்படாது.

இரண்டாவது, உள்ளிருக்கும் சில்லு. 2016ஆம் ஆண்டின் இறுதியில், இன்டெல் நிறுவனத்தின் பூமா 6 சில்லைக் கொண்ட மோடங்களில் தரவு இடையிடையே தாமதமாவதைப் பயனர்கள் கண்டறிந்தனர். பதிவிறக்க வேகத்தை அளந்தால் குறை தெரியவில்லை. இணையவழி விளையாட்டிலும் குரல் உரையாடலிலும் அது தொல்லையாக வெளிப்பட்டது. பின்னர் அக்குறையைத் தணிக்கும் மென்பொருள் திருத்தங்கள் வெளியாயின. வேகம் ஒன்றே தரத்தின் அளவுகோலாகாது, காலத்தாழ்வும் அளக்கப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. மோடத்தின் உள்ளமை மென்பொருளைப் புதுப்பிக்கும் அதிகாரம் வட நிறுவனத்திடமே உள்ளது. உரிமையாளர் தாமே அதை மாற்ற முடியாது. ஆதலால், குறையுள்ள சில்லை வாங்கியபின் திருத்தம் தமக்கு வந்துசேரும்வரை காத்திருக்க நேரும்.

மூன்றாவது, வெளியேறும் வாயில். மோடத்திலிருந்து திசைவிக்குச் செல்லும் ஈதர்நெட் வாயில் ஒரு கிகாபிட் வகையாயின், கட்டுப்பாட்டுத் தரவு போக 940 மெகாபிட் அளவே அதன்வழிச் செல்லும். 1200 மெகாபிட் திட்டம் பெற்றவருக்கு 2.5 கிகாபிட் வாயில் உள்ள மோடமும் அதற்கேற்ற திசைவியும் தேவை.

நான்காவது, தொலைபேசி. வட நிறுவனத்திடமே வீட்டுத் தொலைபேசிச் சேவையும் பெறுவோருக்கு, தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளை உள்ள தனிவகை மோடம் வேண்டும். இணையத்துக்கு மட்டும் உரிய மோடத்தை வாங்கினால் தொலைபேசி இயங்காது. முதியோர் உள்ள இல்லங்களில் இதனை மறந்துவிடுதல் ஆபத்தாகவும் முடியலாம்.

பழைய மோடத்தை விலைக்கு வாங்குவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நிறுவனத்தின் வாடகைக் கருவியாக இருந்து திருப்பித் தரப்படாததாயின், நிறுவனம் அதைப் பதிவு செய்ய மறுக்கும்.

பொருத்துதலும் சோதித்தலும்

ஓரச்சு வடத்தைத் திருகி இணைத்து மின்சாரம் கொடுத்ததும் மோடம் தனக்குரிய தடங்களைத் தேடிக் கண்டறியும். ஒவ்வொரு மோடத்தின் அடியிலும் மேக் முகவரி என்னும் தனி அடையாள எண் அச்சிடப்பட்டிருக்கும். அதை நிறுவனத்திடம் பதிவு செய்தபின், நிறுவனம் ஓர் அமைவுக் கோப்பை மோடத்துக்கு அனுப்பும். சந்தாதாரர் பெறவேண்டிய வேகத்தின் எல்லை அக்கோப்பில்தான் எழுதப்பட்டுள்ளது. ஆகவே, 100 மெகாபிட் சந்தா செலுத்துவோர் ஆயிரம் மெகாபிட் மோடத்தை வாங்கிவைத்தாலும் வேகம் கூடாது.

வேகம் குறைந்தால் மோடத்தைப் பழிக்கும் முன் வடத்தைச் சோதிக்க வேண்டும். தொலைக்காட்சிக்கும் மோடத்துக்கும் வடத்தைப் பிரிக்கும் இருவழிப் பிரிப்பான் ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல் இழப்பை ஏற்படுத்துகிறது. 3 டெசிபெல் இழப்பு என்பது ஆற்றல் பாதியாகக் குறைவதைக் குறிக்கும். பயன்படாத பிரிப்பான்களை நீக்குவதும் தளர்ந்த இணைப்புகளை இறுக்குவதும் செலவின்றி வேகத்தை மீட்கும் வழிகள். பெரும்பாலான வட மோடங்களில் 192.168.100.1 என்னும் முகவரியை உலாவியில் இட்டால் ஒவ்வொரு தடத்தின் ஆற்றல் அளவையும் காணலாம். அவ்வளவு எதிர் 7 முதல் நேர் 7 டெசிபெல் மில்லிவோல்ட்வரை இருப்பது நலம். அதிலிருந்து மிக விலகியிருந்தால் நிறுவனத்தின் பணியாளரை அழைத்துக் காட்டலாம். சான்றோடு கூறப்படும் குறை விரைவில் தீர்வு பெறும்.

புதிய மோடம் சீராக இயங்கியதும் வாடகை மோடத்தைத் திருப்பித் தந்து பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். அடுத்த மாதச் சீட்டில் வாடகை நீங்கியுள்ளதா எனவும் சரிபார்க்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாதவர் மோடத்தின் விலையோடு வாடகையையும் சேர்த்துச் செலுத்திக்கொண்டிருப்பார்.

வாங்காமல் இருத்தலும் அறிவே

எல்லோரும் சொந்த மோடம் வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. சில நிறுவனங்கள் மோடத்தைத் தனிக் கட்டணமின்றியே தருகின்றன. அங்குச் சொந்த மோடம் வாங்குவதால் மிச்சம் ஏதுமில்லை. சில மாதங்களில் ஊர்மாறவிருப்போருக்கும் ஒளியிழை இணைப்பு விரைவில் வரவுள்ள பகுதியினருக்கும் வாடகையே ஏற்றதாகலாம். வட மோடம் ஒளியிழை இணைப்பில் பயன்படாது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலும் தொலைக்காட்சி வடம் தெருக்கள்தோறும் செல்கிறது. ஆயினும், இங்கு வீடுகளுக்குப் புதிதாக வரும் கம்பிவழி இணைய இணைப்புகளுள் பெரும்பாலானவை ஒளியிழை வழியே வருகின்றன. அதன் முனையில் பொருத்தப்படும் பெட்டியையும் மக்கள் மோடம் என்றே வழங்குகின்றனர். அது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் வேறுவகைக் கருவி. கருவி வேறாயினும் கேட்கவேண்டிய வினாக்கள் மாறுவதில்லை. வீட்டின் தேவை எவ்வளவு, கருவியின் உரிமை யாருடையது, மாதந்தோறும் எதற்குப் பணம் செலுத்தப்படுகிறது, அக்கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என வினவுவோர், எந்நாட்டில் எக்கருவியை வாங்கினாலும் ஏமாறுவது அரிது.

கற்பவை கற்றபின்...

1. 200 மெகாபிட் திட்டம் பெற்ற குடும்பம் மாதம் 12 டாலர் வாடகை செலுத்துகிறது. 16 தட மோடத்தின் விலை 72 டாலர் எனில், அத்தொகை எத்தனை மாதங்களில் ஈடாகும் எனக் கணக்கிடுக.

2. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள இணைய இணைப்பு எவ்வகை வடத்தின் வழியே வருகிறது என்பதைக் கண்டறிந்து, அதன் பாதையைப் படமாக வரைக.

3. வாடிக்கையாளர் தம் கருவியைத் தாமே தெரிவு செய்யும் உரிமை, பொருளின் விலையையும் தரத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

பண்பேற்றம் - மாடுலேஷன்
ஓரச்சு வடம் - கோஆக்சியல் கேபிள்
தடப்பிணைப்பு - சேனல் பாண்டிங்
திசைவி - ரௌட்டர்
காலத்தாழ்வு - லேட்டன்சி
பிரிப்பான் - ஸ்ப்ளிட்டர்